ஒரே தப்பு, இரண்டு தீசிஸ்

1. டீ கவிழ்ந்த காலை

தீசிஸ் மேஜைமேல் வந்து விழுந்த வேகத்தில் ராமலிங்கத்தின் டீ கவிழ்ந்தது. பாதி அவர் ஃபைலில், பாதி என் பேண்ட்டில்.

"நீங்க படிச்சே பாக்கல சார்! ஒரு பக்கம் படிச்சிருந்தாலும் இது யாரு வேலைன்னு ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்!"

கத்தியது ஷமீமா. எம்.எஸ்ஸி. ஜியாலஜி இரண்டாம் வருஷம், லப்பைக்குடிகாட்டுப் பெண். திட்டு வாங்கியது அவளுடைய கைடு ராமலிங்கம். நடுவில் டீயில் நனைந்து உட்கார்ந்திருந்த நான் துறைத் தலைவர், ஒழுங்கு விசாரணைக் கமிட்டிக்கும் தலைவர். பாறை உடைத்தே வயசான ஆள். எனக்குக் கோபம் மூக்கின்மேல் இருக்கும் என்று பையன்கள் சொல்வார்கள். அன்று அது மூக்கைத் தாண்டி உச்சந்தலைக்கே போய்விட்டது.

"வெளியே போம்மா! கூப்பிட்டா வா!" என்று நானும் கத்தினேன்.

என்ன நடந்ததென்றால், முதல் நாள் வெளியூர் எக்ஸாமினர் போன் செய்திருந்தார். "சார், உங்க துறையிலேர்ந்து வந்த ரெண்டு தீசிஸ்ல ஒரே டேபிள் இருக்கு. நம்பருக்கு நம்பர் அச்சு. ஒரு கைடுதான் ரெண்டுக்கும். என்ன சார் இது?" என்றார். மானம் போயிற்று. காப்பி பிடிக்கிற சாஃப்ட்வேரில் இரண்டையும் போட்டுப் பார்த்துத்தான் அனுப்பியிருந்தோம். அது எழுத்தைத்தான் பிடிக்கும். வார்த்தைகள் வேறு, எண்கள் மட்டும் ஒன்று என்றால் அது பேசாமல் பாஸ் போட்டுவிடும்.

ஒன்று ஷமீமாவுடையது. இன்னொன்று கோகுல் என்கிற ஜெயங்கொண்டத்துப் பையனுடையது. குன்னம் பக்கத்தில் ஓர் ஓடை இருக்கிறது. ஒரு காலத்தில் கடலாக இருந்த இடம். இப்போது சோளக்காட்டுக்கும் பருத்திக்காட்டுக்கும் நடுவே ஓடைக்கரையில் சிப்பியும் சங்கும் கல்லாகிக் கிடக்கும். இருவருக்கும் அதே ஓடைதான். அவளுக்குப் பாறை அடுக்குகளின் அமைப்பு, அவனுக்கு அவற்றிலுள்ள ஃபாசில்கள். ஆனால் அடுக்கு எந்தத் திசையில் ஓடுகிறது என்பதை ஒவ்வொருவரும் காம்பஸ் வைத்துத் தானே அளக்க வேண்டும். நாங்கள் அதை ஸ்ட்ரைக் எடுப்பது என்போம். கூட்டாக அளப்பது கிடையாது, கைமாற்றும் கிடையாது. எங்கள் துறையில் அது சட்டம்.

காப்பி என்று முடிவானால் தீசிஸ் ரத்து, ஒரு வருஷம் தேர்வு எழுதத் தடை. ஷமீமாவுக்கு வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் பிஎச்.டி. இடம் கிடைத்திருந்தது. எங்கள் மாவட்டத்தில் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? ஜூலையில் எம்.எஸ்ஸி. சான்றிதழைக் கொண்டுபோய் நீட்டினால்தான் அந்த இடம். தடை வந்தால் எல்லாம் போச்சு.

2. பவ்யமும் பாய்ச்சலும்

கோகுலை உள்ளே கூப்பிட்டேன். கைகட்டி நின்றான். உட்கார் என்றால் "பரவால்ல சார்" என்றான். அவன் எங்கள் எல்லோருக்கும் பிடித்த பையன். ராமலிங்கத்தின் பையை வாங்கிக்கொண்டு பின்னாலேயே வருவான்.

"அவங்கதான் சார் என் டேபிளை எடுத்துருக்காங்க. நான் ரெண்டு நாள் முந்தியே சப்மிட் பண்ணிட்டேன், பாத்துக்கங்க. ஆனா ஒண்ணும் பண்ணிடாதீங்க சார். பாவம், தங்கச்சி மாதிரி."

என்ன ஒரு நல்ல மனசு என்று ராமலிங்கம் உருகிப்போனார். ஷமீமாவைத் திரும்பக் கூப்பிட்டதும் அவள் நிற்கவே இல்லை. வாசலிலேயே ஆரம்பித்தாள்.

"தங்கச்சியா? யாருக்கு யாரு தங்கச்சி? ஏப்ரல் வெயில்ல அந்த ஓடையில கெடந்து அளந்தது நானு. இவன் என்னிக்கு வந்தான்னு கேளுங்க சார்!"

"மரியாதையாப் பேசும்மா," என்றார் கமிட்டியின் இன்னொரு உறுப்பினர் விஜயா மேடம். கெமிஸ்ட்ரி துறைக்காரர். நிதானமானவர்.

"திருடின்னு சொல்லிட்டு மரியாதை கேக்குறீங்களே மேடம்!"

போச்சா! அவள் வெளியே போனதும் ராமலிங்கம் கொந்தளித்தார். "சார், இதுக்கு மேல என்ன விசாரணை? தப்பு பண்ணலன்னா ஏன் இந்தக் குதி குதிக்கிறா? எழுதிருங்க சார். காப்பி, அதோட ஆசிரியர அவமதிச்சதும் சேத்து. ரெண்டும் ஒண்ணா."

எனக்கும் கை துறுதுறுத்தது. பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். விஜயா மேடம்தான், "சார், வாய் ஒரு கேஸு, காப்பி ஒரு கேஸு. ஒண்ணா முடிச்சுப் போடாதீங்க," என்றார். நல்ல வேளை.

மறுநாள் ஷமீமாவின் அம்மா வந்தார். அவளுடைய அத்தா, அதாவது அப்பா, சவுதியில். இவர்தான் ஊரில் துணிக்கடையைப் பார்த்துக்கொள்கிறார். கடையைத் திறக்காமல் முதல் பஸ் பிடித்து வந்திருந்தார். உட்கார்ந்ததும் ஒரே பேச்சு.

"சார், எம்புள்ளைக்கு வாய் நீளம். அது எனக்கும் தெரியும், எங்க தெருவுக்கே தெரியும். ஆனா கை நீளம் கெடயாது சார். அல்லா மேல ஆணை. பேசுனதுக்கு என்ன தண்டனையோ குடுங்க, நானே கொண்டாந்து நிறுத்துறேன். திருட்டுப் பட்டம் மட்டும் கட்டிராதீங்க. அவ அத்தாகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?"

விசாரிக்காமல் எழுதமாட்டேன் என்று வாக்குக் கொடுத்து அனுப்பினேன்.

3. இரண்டுமே தப்பு!

அதற்குப் பிறகுதான் நான் அந்த டேபிளை ஒழுங்காகப் படித்தேன். படித்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

அந்த ஓடை எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. எத்தனையோ பேட்ச் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போயிருக்கிறேன். அடுக்குகள் அங்கே வடக்கிலிருந்து கிழக்கே முப்பது டிகிரி வாக்கில் ஓடும். இரண்டு மூன்று கூடக் குறைய வரலாம். இவர்கள் டேபிளிலோ நாற்பத்திரண்டு, நாற்பத்தொன்று, நாற்பத்திமூன்று! எல்லா இடத்திலும் பன்னிரண்டு டிகிரி போலத் தள்ளி, எல்லாம் ஒரே பக்கமாகத் தள்ளி இருந்தது.

ஒருவேளை இருவருமே ஓடைக்குப் போகவில்லையோ? எங்கேயோ கிடைத்ததை இருவரும் எடுத்து ஒட்டிவிட்டார்களோ? அந்த அம்மாவின் முகம் வேறு கண்ணில் நின்றது.

ராமலிங்கத்திடம் காட்டினேன். அவர் முகம் வெளுத்தது. இத்தனை தப்புள்ள டேபிளுக்குக் கீழே கையெழுத்துப் போட்டது அவர்தானே.

"பேசிப் புண்ணியமில்ல. நாளைக்கு ஓடைக்குப் போவோம். ரெண்டு பேரும் எங்க முன்னாடி அளக்கட்டும்," என்றேன். சொல்லும்போதே எனக்கு உற்சாகம் தொற்றிக்கொண்டது. எத்தனையோ விசாரணை நடத்தியிருக்கிறேன், எல்லாம் அறைக்குள்தான். பாறையையே சாட்சிக்குக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை.

4. ஓடையில் விசாரணை

மே மாத வெயில். காலேஜ் வேனில் நாங்கள் மூவர், கோகுல், ஷமீமா. அவளுடைய அம்மாவும் நான் வருவேன் என்று பிடிவாதமாக ஏறிக்கொண்டார்.

ஓடையில் இறங்கினோம். கடினமான சுண்ணாம்புப் பாறை அடுக்கு ஒன்று கரையில் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் நின்று, முதலில் கோகுலை அளக்கச் சொன்னேன்.

பையன் நன்றாகப் படித்தவன்தான். இடுப்பிலிருந்த சுத்தியலைக் கழற்றித் தூரமாக வைத்தான். செல்போனையும் வைத்தான். இரும்பு பக்கத்திலிருந்தால் காம்பஸ் முள் இழுபடும். அதனால் சுத்தியலைத் தள்ளி வை, சுத்தியலைத் தள்ளி வை என்று முதல் வருஷத்திலிருந்தே நான் கத்துவேன். எனக்குச் சுத்தியல் சார் என்றே பெயர் வைத்திருந்தார்கள், கழுதைகள். கோகுல் காம்பஸை இடுப்பு மட்டத்தில் பிடித்து, பாறையோடு நேர்படுத்தி, முள் நிற்கும்வரை பொறுத்துப் பார்த்தான்.

"முப்பத்தொண்ணு சார்."

"சபாஷ்!" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. நானும் அளந்தேன். முப்பதுதான். ராமலிங்கத்துக்குப் பல்லெல்லாம் தெரிந்தது.

அடுத்து ஷமீமா. அவளும் சுத்தியலைக் கழற்றினாள், போனை அம்மாவிடம் கொடுத்தாள். அதே இடம், அதே காம்பஸ்.

"நாப்பத்திரண்டு சார்."

"என்னது? திரும்பப் பாரு."

பார்த்தாள். "நாப்பத்திரண்டுதான் சார்."

என் காம்பஸைக் கொடுத்தேன். அதிலும் நாற்பத்திரண்டு. ராமலிங்கம் கையைத் தட்டிச் சிரித்தார். "பாத்தீங்களா சார்? ரெண்டு வருஷம் படிச்சு ஒரு ஸ்ட்ரைக் எடுக்கத் தெரியல. இவளா அந்த டேபிளைப் போட்டா? முடிஞ்சுது சார், வாங்க போவோம்."

ஷமீமாவின் முகம் சுண்டிப்போயிற்று. அவள் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

நானும் வேன் பக்கம் திரும்பிவிட்டேன். நாலடி வைத்திருப்பேன். ஏதோ உறுத்தியது. கையிலிருந்த தீசிஸைப் புரட்டினேன். இதே இடம், இதே அடுக்கு. டேபிளில் என்ன போட்டிருக்கிறது? நாற்பத்திரண்டு!

"ஐயோ! நில்லுங்கய்யா எல்லாரும்!"

நான் போட்ட சத்தத்தில் சோளக்காட்டிலிருந்து கொக்கு பறந்தது. உடம்பெல்லாம் எனக்குப் புல்லரித்துவிட்டது. சரியாக அளக்கிற பையனின் தீசிஸில் தப்பான எண் எப்படி வரும்? இந்தத் தப்பு யார் கையிலிருந்து வருகிறதோ, அந்தக் கைதான் டேபிளைப் போட்ட கை! இங்கே நிற்கிறவர்களில் நாற்பத்திரண்டு வருவது ஒரே ஒருத்திக்குத்தான்.

"கோகுலு, நீ அளந்தா முப்பத்தொண்ணு வருது. ஒன் தீசிஸ்ல நாப்பத்திரண்டு எப்படிப்பா வந்துச்சு?"

"அது... அன்னிக்கு காம்பஸ் சரியில்ல சார்."

"அப்ப இவ கையில இன்னிக்கும் சரியில்லையே, அதெப்படி?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஆனால் எனக்கும் அது புரியவில்லை. இவளுக்கு மட்டும் ஏன் முள் விலகுகிறது? வளையலைக் கழற்றச் சொன்னேன். கண்ணாடி வளையல், கழற்றியும் நாற்பத்திரண்டு. பெல்ட் இல்லை. பாறையில் ஏதாவது இரும்பா என்று தட்டிக்கூடப் பார்த்தேன். ராமலிங்கமும் சண்டையை மறந்து குனிந்து தேட ஆரம்பித்துவிட்டார். ஆளாளுக்கு ஒரு யோசனை, ஒரே கூச்சல்.

விஜயா மேடம் கொஞ்ச நேரம் ஷமீமாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் தோள்பையைத் தூக்கிக் காட்டினார். "சார், எங்க பையெல்லாம் எப்படி மூடும்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

மூடியைத் திறந்து விட்டார். டப் என்று தானாக ஒட்டிக்கொண்டது. காந்தப் பட்டன்!

ஷமீமா குறுக்கே போட்டிருந்த சின்னப் பை சரியாக வயிற்றுக்கு முன்னால் தொங்கியது. காம்பஸை அவள் பிடிக்கும் இடத்துக்குச் சாண் தூரம்கூட இல்லை. பேனா, தண்ணீர், குறிப்பு எல்லாம் அதில்தான். பெரும்பாலும் கழற்றவே மாட்டாள்.

"கழட்டும்மா அத!"

கழற்றினாள். அளந்தாள். முப்பது! பையைக் கிட்டே கொண்டுவந்தேன். முள் மெல்ல நகர்ந்து நாற்பத்திரண்டுக்குப் போயிற்று. தள்ளினேன், திரும்பி வந்தது. சின்னப் பிள்ளை மாதிரி மூன்று நான்கு தரம் செய்து பார்த்தேன். பெண்பிள்ளைகள் எங்கள் துறைக்கு வந்து எவ்வளவோ காலமாகிறது. பெல்ட்டும் சட்டைப்பையும் வைத்த ஆண்கள் நாங்கள், சுத்தியலையே கட்டிக்கொண்டு அழுதிருக்கிறோம். கைப்பையை ஒருத்தரும் நினைத்ததில்லை.

"யா அல்லா!" என்று அம்மா மகளைக் கட்டிக்கொண்டு அழுதார்.

5. கை ஓங்கியவரும் மன்னிப்புக் கேட்டவளும்

கோகுல் பாறைமேல் உட்கார்ந்துவிட்டான். கேட்காமலே சொன்னான். "வெயிலு தாங்கல சார். மொத வாரம் வந்தேன், அப்பறம் வரல. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல டிடிபி கடையிலதான் ரெண்டு பேரும் டைப் பண்ணக் குடுத்தோம். அந்த கம்ப்யூட்டர்ல அவங்க ஃபைல் இருந்துச்சு. டேபிள மட்டும் எடுத்தேன். சரியாத்தான் அளந்துருப்பாங்கன்னு நெனச்சேன் சார்."

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டு எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ராமலிங்கத்துக்கு ஆத்திரம் மட்டும்தான். "நம்ப வச்சு கழுத்தறுத்துட்டியேடா!" என்று கை ஓங்கிக்கொண்டு போனார். நான் குறுக்கே பாய்ந்து பிடித்துக்கொண்டேன்.

"கமிட்டி இருக்கு, ரூல் இருக்கு. அடிக்க நமக்கு உரிமையில்ல சார். விடுங்க."

ஷமீமா வேகமாக வந்தாள். சரி, இவளும் வாங்கு வாங்கென்று வாங்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் கோகுலைத் தாண்டி ராமலிங்கத்தின் முன்னால் வந்து நின்றாள்.

"சார், நான் அன்னிக்கு சொன்னது சரிதான். நீங்க படிக்கல. ஆனா சொன்ன விதம் தப்பு. தீசிஸைத் தூக்கிப் போட்டது ரொம்பத் தப்பு. மன்னிச்சுக்கங்க சார்."

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?" என்றார் விஜயா மேடம்.

"அன்னிக்கு மன்னிப்புக் கேட்டிருந்தா, திருடுனதுக்குப் பயந்து கேக்குறேன்னு நெனச்சிருப்பீங்க மேடம்."

"நான் படிக்கலம்மா. நீ சொன்னது உண்மைதான்," என்றார் ராமலிங்கம். அந்த மனுஷன் அப்படிச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. எனக்கு அவர்மேல் அன்றுதான் மரியாதை வந்தது.

கோகுலுக்கு விதிப்படி தீசிஸ் ரத்து. அடுத்த வருஷம் வேறொரு ஓடையில் தானே அளந்து எழுதினான். யாரும் அவனைக் கேலி செய்யக் கூடாது என்று வகுப்பில் நானே போய்ச் சொன்னேன். தண்டனை கொடுத்தாயிற்று, அதற்குமேல் ஊர்கூடி மெல்வதற்கு அவன் வெற்றிலை இல்லை.

6. பன்னிரண்டைக் கழிக்கலாமே

கதை அங்கே முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். வேனில் திரும்பும்போது ராமலிங்கம் நல்லெண்ணத்தோடு ஒரு யோசனை சொன்னார்.

"ஷமீமா, இப்ப தப்பு என்னன்னு தெரிஞ்சு போச்சு. எல்லா அளவுலயும் பன்னெண்டைக் கழிச்சுப் போட்டுரு. ராத்திரிக்குள்ள டேபிள் ரெடி. இந்த வாரமே வைவா வச்சுருவோம். ஒன் பிஎச்.டி. சீட்டும் பத்திரம்."

நியாயமாகத்தான் பட்டது. ஆமாம்மா என்று சொல்ல நானும் வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"ஒவ்வொரு எடத்துலயும் பை எவ்வளவு தள்ளி இருந்துச்சுன்னு எனக்கு எப்படி சார் தெரியும்? கழிச்சுப் போட்டா அது நான் அளந்ததா ஆவுமா? கோகுலு என் டேபிள எடுத்தான். நான் என் தலையிலேர்ந்து எடுத்தேன்னு ஆயிரும். நான் திரும்ப அளக்குறேன் சார்."

"அடியே, ஜூலை என்னாவுறது? கையில கெடச்ச சீட்டுடி!" என்று அம்மா பதறினார்.

"அந்தப் புரொஃபசருக்கு நானே போன் பண்ணி, என் அளவு தப்பு, திரும்ப எடுக்குறேன், லேட்டாவும்னு சொல்லிடுறேம்மா. குடுத்தா குடுக்கட்டும்."

அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெரம்பலூர் வரும்போதுதான் பேசினார். "சரி, எப்ப போவணும்? நானும் கூட வரேன். ஒத்தையில அந்த வெயில்ல நிக்காத."

பேராசிரியர் அவகாசம் கொடுப்பதாக உறுதி ஒன்றும் சொல்லவில்லை, பார்க்கலாம் என்றார். அந்த "பார்க்கலாம்" ஒன்றை நம்பி அவள் மே, ஜூன் முழுக்க ஓடையில் நின்றாள். ஜூலை போயிற்று. ஆகஸ்டில் வைவா முடிந்து சான்றிதழ் அனுப்பினோம். அந்த வாரமே வந்து சேரச் சொல்லி அவர்கள் கூப்பிட்டார்கள். அதைச் சொல்ல எனக்குப் போன் செய்து அம்மாவும் மகளும் போட்ட சத்தம்! காது இன்னும் கேட்கிறதே, அதுதான் அதிசயம்.

வைவாவுக்கு முன் புதுத் தீசிஸை நான் வரிக்கு வரி படித்தேன். ராமலிங்கம் அதற்கு முன்பே இரண்டு தரம் படித்திருந்தார். இருபத்தொன்பது, முப்பத்தொன்று, முப்பது என்று எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஒரே ஓரிடத்தில் மட்டும் நாற்பத்திரண்டு. பழைய டேபிளிலும் அந்த இடத்தில் நாற்பத்திரண்டுதான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்னம்மா இது? திரும்பவும் பையைப் போட்டுக்கிட்டியா?"

"இல்ல சார். அது செங்குத்தான மேடு. மொத தடவையே பையைக் கீழ வச்சுட்டுத்தான் ஏறுனேன். அங்க அடுக்கு நெசமாவே திரும்புது சார். மூணு நாள் போயிப் பாத்துட்டேன்."

இத்தனை வருஷமாக அந்த ஓடைக்குப் போகிறவன் நான். அடுக்கு திரும்புகிறது என்று எனக்கே தெரியாது. நம்பவில்லை. மதியம் சாப்பாட்டைக்கூட வைத்துவிட்டுக் காம்பஸை எடுத்துக்கொண்டு குன்னம் பஸ் ஏறினேன். மூச்சிரைக்க அந்த மேட்டில் ஏறி அளந்தேன்.

நாற்பத்திரண்டு.

அன்று வேனில் ராமலிங்கம் சொன்னபடி பன்னிரண்டைக் கழித்திருந்தால், அந்தத் தீசிஸில் சரியாக இருந்த ஒரே ஓர் எண்ணையும் நாங்கள் தப்பாக்கியிருப்போம்.